விளையாட்டுக்குள் காசு கொடுத்துக் கூடுதல் உள்ளடக்கம் வாங்கியவர்கள், இன்னும் மனத்தை அரிக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

செந்தூல் வாசி:
அக்காள் மகன், மூன்றாம் படிவம். தீபாவளிக்கு உறையில் வந்த அங்பாவ் பணம் அத்தனையையும் மூலையிலுள்ள 24 மணி நேரக் கடையில் கொடுத்து, விளையாட்டுக்குள் செலவழிக்கும் பின் எண் அச்சிட்ட ரசீதுகளாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். எந்த விளையாட்டு என்று சொல்லத் தேவையில்லை. காசு போட்டுக் குலுக்கலில் பாத்திரம் எடுக்கும்போது வானத்திலிருந்து நட்சத்திரம் விழுமே, அதுதான். பொன்னிறமாக விழுந்தால் பெரிய பரிசு. "மாமா, உங்கள் கை ராசியான கை, நீங்கள் அழுத்துங்கள்" என்று கைப்பேசியை நீட்டினான். அழுத்தினேன். ஊதா. மறுபடி ஊதா. அடுத்ததில் நட்சத்திரம் பொன்னிறமாக விழுந்தது. நான் கைதட்டியே விட்டேன். அக்காள் முறுக்குத் தட்டோடு எட்டிப் பார்த்தார். பையன் முகம் மட்டும் தொங்கிப் போயிற்று. வந்தது அவன் கேட்ட பாத்திரம் இல்லையாம், ஏற்கெனவே அவனிடம் இருந்த ஒன்றாம். "பரவாயில்லை மாமா, அடுத்த பொன்னிறத்தில் நான் கேட்டது வருவது உறுதி" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான்! பரிசு விழுந்தும் தோற்கலாம் என்ற விதியை எவன் உட்கார்ந்து எழுதினான்?

லாரிக்காரர் மகன், பட்டர்வொர்த்:
அதைச் சூதாட்டம் என்று சொல்லுங்கள் அண்ணா, கூடுதல் உள்ளடக்கம் என்று சொல்லாதீர்கள். நான் வாங்கியது, கணினியில் லாரி ஓட்டும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டுக்கான ஸ்கேண்டிநேவியா வரைபடம். 2015-இல் வந்தது, மலிவு விற்பனையில் கிடைத்தது. எனக்காக இல்லை, அப்பாவுக்கு. பட்டர்வொர்த்துக்கும் ஜொகூருக்கும் லாரி ஓட்டியே ஓய்வு பெற்றவர். ஆளே இல்லாத நார்வே சாலையிலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். அன்று இரவு ஜெர்மனியில் லாரியைக் கப்பலில் ஏற்றிச் சுவீடனில் இறக்கினார். இறங்கியதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இவனாவது வண்டியை ஏற்றுகிறானே" என்றார். பினாங்கு ஃபெரியில் 2021 பிறந்ததிலிருந்து காரையோ லாரியையோ ஏற்றுவதில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் கிடங்கில் விட வேண்டும். தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அம்மா வந்தார். "பின்னால் எடுக்கும்போது பேசாதே!" என்று ஓர் அதட்டல். அம்மா என் பக்கம் திரும்பி, "இந்தத் திட்டு வாங்கக் காசு வேறு கொடுத்தாயா?" என்றார்.

இரவுப்பறவை, பிரிக்பீல்ட்ஸ்:
லாரிக்காரர் மகனே, நீங்கள் இன்று சொன்னதைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே சொல்லிவிட்டது. ஜப்பான் அதற்கும் முன்னால், 2012-இல், குலுக்கலில் விழும் சீட்டுகளைச் சேர்த்து முழுத் தொகுதி ஆக்கினால் பெரிய பரிசு என்ற வகையை நிறுத்த வைத்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. வரைபடம் வாங்குகிறவன் புத்திசாலி, மற்றதை வாங்குகிறவன் ஏமாளி என்ற தொனிதான் எரிச்சலூட்டுகிறது.

நான் விளையாட்டுப் பாத்திரத்துக்குப் போடும் உடைதான் வாங்குவேன். பல ஆண்டுகள் ஆடிய ஒரு விளையாட்டு மூடப்பட்டது, பெயர் வேண்டாம். கடைசி இரவு எல்லோரும் நகரச் சதுக்கத்துக்கு வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. எவனெவன் எதை வாங்கி வைத்திருந்தானோ, அதைப் போட்டுக்கொண்டு நின்றான். பட்டுச் சிறகு, நெருப்புக் கிரீடம், கோமாளித் தொப்பி. என்னிடம் இருந்த கறுப்பு அங்கியைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர், "இது பழைய ஆண்டுவிழாவில் வந்ததுதானே? எனக்குக் கிடைக்கவே இல்லை" என்று தட்டச்சு செய்தார். பதில் எழுதிக்கொண்டே இருந்தேன், இணைப்புப் போய்விட்டது. அங்கியும் போயிற்று. அந்தப் பதிலை அனுப்ப முடியாததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, காசு இல்லை.

பழைய ஆட்டக்காரன், ஜார்ஜ்டவுன்:
உடைக்காரர் கோபிக்க வேண்டாம். 2006-இலேயே ஒப்லிவியன் விளையாட்டில் குதிரைக்கு இரும்புச் சட்டை விற்றார்கள். இரண்டரை டாலர். உலகமே சிரித்தது, சிரித்துக்கொண்டே வாங்கியது. பத்து ஆண்டு கழித்து, 2016-இல், விட்சர் 3 விளையாட்டுக்கு பிளட் அண்ட் வைன் என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. திராட்சைத் தோட்டமும் கோட்டையுமாகப் புதிய நாடு ஒன்று. கூடுதல் தொகுப்பாக இருந்தும் அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் சிறந்த ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) விருதை வாங்கியது. இரண்டுக்கும் ஒரே பெயர், டிஎல்சி, அதாவது தரவிறக்கும் கூடுதல் உள்ளடக்கம். எனக்குத் தனிக் கதை ஒன்றும் இல்லை. இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குத் திருட்டு விளையாட்டுக் குறுந்தட்டு வாங்கி வளர்ந்தவன், அவ்வளவுதான்.

டீச்சரம்மா, கெப்போங்:
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். மடியில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. எழுந்து பார்த்தால் வங்கியிலிருந்து வரிசையாகக் குறுஞ்செய்திகள். மகன் வரவேற்பறையில் என் இன்னொரு கைப்பேசியில் விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரம் வாங்கிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் கவனிக்க வேண்டியவை. கூகுள் பிளேயில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். தவறாகப் போன பணத்தை 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திரும்பக் கேட்கலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்காதீர்கள். கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்கியிருந்தால் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். கடன் அட்டையைப் பிள்ளைகள் எடுக்கும் கருவியில் பதிந்து வைக்கவே வேண்டாம். அளவாக ஒரு பின் எண் வாங்கிக் கொடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது. விலையையும் பாருங்கள்: வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020-இல் 6 விழுக்காடாக வந்த சேவை வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. செந்தூல் தம்பி, உங்கள் அக்காவிடம் சொல்லி அங்பாவ் பணத்தை முதலில் வங்கியில் போடச் சொல்லுங்கள். பரீட்சை எழுதும் வயதில் கைப்பேசியே...

செந்தூல் வாசி:
அக்கா, அவன் வகுப்பில் முதல் மாணவன். நான் கேட்டது அந்த விதியை எழுதியது யார் என்று.

இரவுப்பறவை, பிரிக்பீல்ட்ஸ்:
ஐந்து வெள்ளித் திருட்டுத் தட்டுக்காரர் எனக்குப் புத்தி சொல்வதுதான் வேடிக்கை. உழைத்தவனுக்கு அன்றைக்கும் ஒரு காசு தரவில்லை. நானாவது தந்தேன்.

பழைய ஆட்டக்காரன், ஜார்ஜ்டவுன்:
பிறகு எல்லாவற்றையும் அசலாக வாங்கிவிட்டேன் ஐயா. பாதியை இன்னும் திறக்கவில்லை, அது வேறு.

லாரிக்காரர் மகன், பட்டர்வொர்த்:
டீச்சரம்மா, 2 மணி நேரத்தை அப்பா முதல் இரவிலேயே தாண்டிவிட்டார். இப்போது விசைப்பலகை கையில் நிற்கவில்லையாம், ஸ்டியரிங் வேண்டுமாம். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் உள்ள லோ யாட் பக்கம் போகிறவர்கள் யாராவது, பெடலோடு பழையது நல்ல விலைக்கு இருந்தால் சொல்லுங்கள்.