மீட்டிங் இந்தியில் ஓடினால் தமிழ் ஆள் என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போகிறேன், மத்திய அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். போன மாத மீட்டிங்கில் பன்னிரண்டு பேர், இந்தி தெரியாதது நானும் இன்னொரு அக்காவும்தான். ஐந்து நிமிடம் ஆங்கிலம், அப்புறம் யாரோ ஜோக் அடித்தார், அதோடு இந்திக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நான் போட்ட எக்செல் ஷீட்டைப் பற்றித்தான் பேச்சு என்பதே நடுவில் விழுந்த எண்களை வைத்துத்தான் புரிந்தது. கடைசியில் அந்த வேலை வேறொருவர் கைக்குப் போனது. மத்திய அலுவலகங்களில் இந்தி, ஆங்கிலம் எப்படிப் பயன்பட வேண்டும் என்ற 1976 ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் பொருந்தும், அதுதான் என் தலையெழுத்து.

முத்தியால்பேட்டை:
விதியை முழுசாகப் படியுங்கள். அதில் புதுச்சேரி 'சி' பகுதி, அதாவது இந்தி பேசாத பகுதி, இங்கே பொதுமக்களுக்கு மத்திய அலுவலகம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கேட்டீர்களா? புனேயில் ஆறு வருடம் இருந்தேன், எட்டு மாதத்தில் இந்தி வந்துவிட்டது. புலம்பினால் வராது.

மஞ்சக்குப்பத்தான்:
கேட்டேன். 'சாரி சாரி' என்று சிரித்துவிட்டு இரண்டு வாக்கியம் பேசினார்கள், அவ்வளவுதான். புனேயில் ஊர்ப்பாஷை மராத்தி இல்லையா, அதைக் கற்றீர்களா? நான் வெளியூர் போகவில்லை சார், இது என் ஊர்ப்பக்கம்.

கோதாவரிக்கரை:
நான் ஏனாம், தாய்மொழி தெலுங்கு. அதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், 800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. புதுச்சேரியின் 1965 ஆட்சிமொழிச் சட்டத்தில் ஏனாமுக்குத் தெலுங்கு, மாஹேக்கு மலையாளம் என்று இடம் உண்டு, ஆனால் இங்கே மாற்றலாகி வந்த ஏழு வருடத்தில் என் பெயரைவிட 'கொல்ட்டி'தான் அதிகம் காதில் விழுந்தது. அன்பாகத்தானாம்! முடிவெல்லாம் டீக்கடையில், தமிழில், எனக்குப் பிடிபடாத வேகத்தில். அப்புறம் 'டீமோடு ஒட்டுவதில்லை' என்று எழுதுகிறார்கள்.

முத்தியால்பேட்டை:
அது சும்மா கிண்டல். என்னையும்தான் அங்கே மதராசி என்றார்கள், செத்தா போனேன்?

கோதாவரிக்கரை:
இன்னும் மறக்கவில்லையே நீங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
ஏனாம் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஷீட் விஷயத்தை விடமாட்டேன், திங்கட்கிழமை எழுத்திலேயே கொடுக்கிறேன். ஆனால் எங்கள் செக்‌ஷனிலும் ஒரு ஏனாம்காரர் இருக்கிறார், இரண்டு சீட் தள்ளி. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் முழுப்பெயர் என்னவென்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.