புதுப்பிப்பு: சிறையிலிருந்து வந்த தம்பிக்குப் புப்ரெனார்ஃபின் சிகிச்சை தடைபடாமல் தொடர்ந்த விதம்

சிறையில் புப்ரெனார்ஃபின் (ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்து) எடுத்துவந்த என் தம்பிக்கு, விடுதலைக்குப் பின் மருந்து விட்டுப்போகாமலிருக்க என்ன செய்வது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றைச் சிறை மருத்துவரிடம் எழுதி வாங்கி, வெளியிலுள்ள சிகிச்சை மையத்தில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்யச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது; அந்தக் கடிதம் இருந்ததால், முதலிலிருந்து தொடங்காமல் அதே அளவைத் தொடர்ந்தார்கள்.

எதிர்பாராத வகையில், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, அதுவும் மாலையில், அவனை விடுவித்துவிட்டார்கள். மையம் மூடியிருந்தது. மூன்று நாளுக்கான மாத்திரையைக் கையோடு கொடுத்தனுப்பும்படி முன்பே கேட்டிருந்ததால் தப்பித்தோம். அடையாள அட்டை சிறையிலேயே தங்கிவிட்டதால் பதிவு அரை நாள் இழுத்தது. இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஊசி இவனுக்குப் பொருந்தவில்லை. ஓபியாய்டு உடலிலிருந்து முழுவதும் நீங்கிய பிறகே அதைப் போட முடியும்; இவன் எடுக்கும் புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதான்.

சிறைவாசத்தில் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவில் போதைப்பொருளை எடுத்தாலே உயிர் போகக்கூடிய முதல் இரண்டு வாரங்களுக்காக ஓபியாய்டு அளவு மீறும்போது அதன் விளைவை முறிக்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பானை வாங்கி வைத்தோம். அதன் விளைவு 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், அதைக் கொடுத்தாலும் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும் என்று மையத்தில் வலியுறுத்தினார்கள்.