தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கென்று எழுந்துவிடுகிறேன், கேஸ் என்கிறார்கள், வேறு என்னவாக இருக்கும்?

அம்பத்தூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 49 வயது, ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதற்கப்புறம் உடம்பும் நன்றாக ஏறிவிட்டது. இப்போது பிரச்சினை என்னவென்றால், நல்ல தூக்கத்தில் இருக்கும்போது தொண்டை அடைத்து மூச்சு அப்படியே நின்றுபோய், பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து எழுந்து உட்காருகிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஜன்னலைத் திறந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், ஆனால் திரும்பப் படுக்கவே பயமாக இருக்கிறது. விடியற்காலையில்தான் அதிகம். வாய் காய்ந்து போயிருக்கும், நடுவில் பாத்ரூம் போக வேறு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, காலையில் தலை கனமாக இருக்கும்.

பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு நார்மல், இது கேஸ்தான் என்று வெறும் வயிற்றில் போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மூச்சு முட்டி எழுவது அப்படியேதான் இருக்கிறது. மாமியார் அமுக்குவான் பேய் என்று சொல்லித் தலையணைக்கு அடியில் இரும்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆபீஸில் கேட்டால் எல்லாம் டென்ஷன், யோகா போ என்கிறார்கள். என் அம்மாவுக்கு வீசிங் உண்டு, எனக்கு இதுவரை வந்ததில்லை. இதற்கு யாரைப் பார்ப்பது, இதய டாக்டரா, நுரையீரலா, காது மூக்கு தொண்டையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செவிலி_திருச்சி

அக்கா, நான் இதய வார்டில் வேலை பார்க்கிற நர்ஸ். முதலில் இதயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்ற காரணங்களுக்கு நாலு நாள் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்கக் கூடாது. இதயத்துக்கு ரத்தத்தை முழுசாகத் தள்ளத் தெம்பு இல்லாமல் போனால், பகலெல்லாம் காலில் இறங்கியிருக்கும் நீர் இரவில் படுத்ததும் ரத்தத்தில் ஏறி நுரையீரலில் தேங்கும். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் திணறி எழுவார்கள், கூடவே இருமல் வரும், எழுந்து உட்கார்ந்தாலும் உடனே அடங்காது, கால் மணி அரை மணி ஆகும். உங்களுக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்குகிறது என்பது கொஞ்சம் ஆறுதலான விஷயம், ஆனால் அதை மட்டும் வைத்து இதயம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? முன்பு ஒன்று, இப்போது மூன்று என்று ஆகியிருக்கிறதா? எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் பலர் "படுத்தாலே முடியலைம்மா, சேர்லயே உட்கார்ந்து தூங்குறேன்" என்றுதான் பேச ஆரம்பிப்பார்கள். சாயங்காலம் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துச் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள், குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது. கொலுசு போட்ட இடத்தில் ஆழமாகத் தடம் விழுகிறதா, ரெண்டு மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறுகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வலித்து வீங்கியதாக அம்மா சொல்லியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் பல வருடம் கழித்துத்தான் இப்படித் தெரியவரும், நம் ஊரில் பெண்களிடம் இது அதிகம்.

ஈசிஜி சில விநாடிப் படம், அது நார்மலாக வந்தாலும் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்காமல் விடாதீர்கள். அப்புறம் முக்கியமாக இது: மூச்சு அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இளஞ்சிவப்பாக நுரைச் சளி வந்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை படுக்க வைக்கக் கூடாது, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

வண்டிக்காரன்_72

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதையைப் படித்த மாதிரி இருந்தது. தொண்டை அடைப்பு, வாய் காய்வது, இரவில் ஒன்றுக்குப் போவது, காலையில் தலை பாரம், இத்தனையும் எனக்கு இருந்தது. நான் கார் ஓட்டிப் பிழைக்கிறவன், சிக்னலில் வண்டி நிற்கும்போது கண் சொருகும். எனக்குக் கடைசியில் வந்த பெயர் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து காற்று போகிற வழியை மூடிவிடும். நெஞ்சு மூச்சு இழுக்கப் பாடுபடும், காற்று உள்ளே போகாது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், உடனே மூளை ஓர் உதறல் கொடுத்து எழுப்பிவிடும். அந்தப் பெரிய மூச்சும் படபடப்பும் அப்போது வருவதுதான். பல தடவை முழு விழிப்பே வராது, அதனால் தனக்கு எத்தனை முறை நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. கனவு வருகிற தூக்கத்தில் தசை இன்னும் தளரும், அது பின்னிரவில்தான் அதிகம், உங்களுக்கு விடியற்காலையில் கூடுவது அதனால் இருக்கலாம். கேஸ் மாத்திரை போட்டும் நிற்கவில்லை, பிரஷர் இருக்கிறது, மாதவிலக்கு நின்று எடையும் கூடியிருக்கிறது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதை விசாரிக்காமல் விடக் கூடாது. பெண்களுக்குக் குறட்டை அவ்வளவு பலமாக இல்லாமல் அசதி, தூக்கமின்மை என்றே வெளிப்படுவதால் டென்ஷன் என்று தள்ளிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருகிறது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் தூங்கும்போது வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குறட்டை, திடீரென்று நிசப்தம், வயிறு மட்டும் ஏறி இறங்கும், பிறகு ஒரு உறுமல். அந்த நிசப்தம் 10 விநாடியும் அதற்கு மேலும் இருந்தால் அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பரிசோதனையை இப்போது வீட்டிலேயே ஒரு இரவில் செய்யலாம், விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று ஒரு எண் வரும், 5-க்குக் கீழே நார்மல், 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு வந்தது கடுமை.

மாஸ்க் போட்டுக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினில் தூங்குகிறேன். 1981-ல் சிட்னியில் காலின் சலிவன் என்ற டாக்டர் கொண்டுவந்த முறை, இத்தனை வருடம் ஆகியும் இதற்கு அதுதான் முதல் வைத்தியம். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது அது இல்லாமல் படுக்கமாட்டேன். டாக்டரைப் பார்க்கும் வரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

தேனிக்காற்று

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அம்மாவுக்கு வீசிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம் தோழி. எனக்கு ஆஸ்துமா. பகலில் மலை ஏறுவேன், ஒன்றும் செய்யாது, விடியற்காலை மூன்று நாலு மணிக்கு நெஞ்சு இறுகி இருமல் பிடுங்கும். அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் இயல்பாகவே கொஞ்சம் சுருங்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ரொம்பச் சுருங்கிவிடும். வித்தியாசம் என்னவென்றால் எங்களுக்கு மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம், விசில் சத்தம் கேட்கும், ஜன்னலருகே நின்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் போகாது, இன்ஹேலர் வேண்டும்.

படுக்கை அறையில் கொசுவர்த்திச் சுருள் வைக்கிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75-லிருந்து 137 சிகரெட் வரைக்கும் சமமான நுண்துகளை வெளிவிடுகிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கதவு ஜன்னலை மூடிக்கொண்டு அதற்குள் படுத்தால் நல்ல நுரையீரலும் திணறும். வலையைக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய பஞ்சு மெத்தை, தலையணை, கரப்பான், இவையும் கிளப்பிவிடும்.

இன்னொன்று, அந்த பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ப்ரோப்ரனலால், அடினலால் போன்றவை ஆஸ்துமா உடம்பில் மூச்சுக்குழாயைச் சுருக்கலாம், எனலாப்ரில், ராமிப்ரில் வகை வறட்டு இருமலைக் கொண்டுவரலாம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது, சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேளுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் பகலில் நார்மலாக வருவதும் உண்டு, அப்படி வந்தால் பீக் ஃப்ளோ மீட்டர் என்று கையில் பிடித்து ஊதும் சின்னக் கருவியில் காலையும் மாலையும் ஊதிக் குறித்து வைக்கச் சொல்வார்கள்.

பணி_மருத்துவர்

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்லமாட்டேன், விடுபட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

அமுக்குவான் என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் தூக்க முடக்கம். அதில் விழிப்பு வந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் கனம் ஏறி உட்கார்ந்ததாகத் தோன்றும். நீங்கள் எழுந்து ஜன்னல் வரை போகிறீர்கள், அதனால் அது பொருந்தவில்லை. மாமியாரிடம் இதைச் சண்டையாக்காமல் சொல்லிவிடலாம்.

அமிலம் தொண்டை வரை ஏறி குரல்வளை இறுகினாலும் திடீரென்று மூச்சு உள்ளே போகாது, கீச்சென்று சத்தம் வரும், வாயில் புளிப்பு இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். ஆகவே உங்கள் டாக்டர் சொன்னது வீண் பேச்சு இல்லை, அமிலமும் தூக்க மூச்சுத் தடையும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பது சகஜம். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடியுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

பயத் தாக்குதல் தூக்கத்திலிருந்தும் எழுப்பும், உண்மைதான். ஆனால் மற்றதை எல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகு வர வேண்டிய முடிவு அது. உங்கள் நிலையில் நான் நுரையீரல் மருத்துவரிடம் முதலில் அனுப்புவேன், கையோடு எக்கோவும், ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரையும் பார்க்கச் சொல்வேன். செலவு யோசனை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது.

அம்பத்தூர்க்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேட்டதற்குப் பதில்: தலையணை ஒன்றுதான், அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை, விசில் சத்தமும் இல்லை. சுருள் தினமும் வைப்போம், எடுத்துவிட்டேன். பிரஷர் மாத்திரை ஆம்லோடிபின். நேற்று இரவு மகள் வீடியோ எடுத்தாள். குறட்டை விடுகிறேன், நின்றுவிடுகிறது, வயிறு மட்டும் அசைகிறது, மகள் பயந்துபோய் என் தோளைத் தொடப் போகும்போது உறுமிக்கொண்டு புரண்டு படுக்கிறேன். நான் விழிக்கவே இல்லை! பார்த்ததும் கை நடுங்கியது. நுரையீரல் டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன், எக்கோவும் அன்றைக்கே. வீட்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் அந்த இரவு என்ன கவனிக்க வேண்டும்?

வண்டிக்காரன்_72

அந்த வீடியோவை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள் தங்கச்சி, பாதிப் பேச்சு மிச்சமாகும். டெஸ்ட் அன்று பகலில் தூங்காதீர்கள், மத்தியானத்துக்கு மேல் காபி டீ வேண்டாம், பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள், கிளிப் மாட்டும் விரலில் நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். எப்போதும் படுக்கிற நேரத்துக்கே படுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மணிக்கு எத்தனை என்ற எண்ணோடு ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, எத்தனை நேரம் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தது என்றும் கேட்டு வாங்குங்கள். மெஷின் எழுதினால் உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்து மாஸ்க் முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.