மிளகாய்க்கு மருந்து அடிக்க முடியவில்லை, நொசில் அடைக்கிறது – அவசரம்

விசுவமடு மிளகாய் | இரவு 7.40
வணக்கம் அண்ணைமார். மருந்து டாங்கியின் நொசில், அதுதான் மருந்து பாயும் முனை, திரும்பத் திரும்ப அடைக்கிறது. ஊசியால் குத்தி எடுத்தால் பத்து நிமிடம் ஒழுங்காகப் பாயும், அப்புறம் ஒரு பக்கமாகத் தாரையாக ஊற்றும். நேற்று நாலு டாங்கி அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இலை வேறு சுருள்கிறது. நாளை விடிய அடித்தே ஆக வேண்டும். என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் தோட்டம் | 7.52
என்ன டாங்கி தம்பி? கையால் அடிப்பதா, பற்றரியா? என்ன மருந்து? தண்ணீர் எங்கே அள்ளியது? ஒன்றும் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

இரணைமடு வாய்க்கால் | 7.58
தண்ணீர்தான், வேறு ஒன்றுமில்லை. நான் வாய்க்காலில் அள்ளிய காலம் முழுக்க இதே பாடு. பழைய சேலைத் துணியை இரண்டாக மடித்து டாங்கி வாயில் கட்டி வடித்து ஊற்றுங்கள்.

பழைய கமக்காரன் | 8.10
நொசிலை ஊசியால் குத்தக் கூடாது என்று இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! கேட்க முன்னர் பழையதை ஒருக்கால் வாசிக்கலாமே. துளை விளிம்பில் மயிரிழை கீறுப்பட்டாலும் விசிறி போலப் பாய்வது உடைந்து தாரையாகிவிடும். பழைய பல் பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். வாயால் ஊதவும் வேண்டாம், மருந்து உதட்டில் படும்.
இப்போது அளந்து பாரும். டாங்கியில் வெறும் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் அளவுச் சாடிக்குள் பிடியும். அதே இனத்தில் புது நொசில் ஒன்றையும் பூட்டிப் பிடியும். பழையது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட ஊற்றினால் எறிய வேண்டியதுதான். பித்தளை கெதியாகத் தேயும், தூள் மருந்துக்கு இன்னும் கெதி.

விசுவமடு மிளகாய் | 8.31
பற்றரி டாங்கி, 16 லீற்றர். கிணற்றுத் தண்ணீர். மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்துத் தூள், கூடவே பூச்சி மருந்து ஒன்று. கடையில் தந்த மஞ்சள் நொசில்.

இரணைமடு வாய்க்கால் | 8.36
கிணறு என்றாலும் சுண்ணாம்பு படியும்.

ஒட்டுசுட்டான் தோட்டம் | 8.49
சுண்ணாம்பு பத்து நிமிடத்தில் படியாது அண்ணை. தூளை நேரே டாங்கிக்குள் கொட்டியிருப்பார். முதலில் சின்ன வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, வடித்து, பாதி நிரம்பிய டாங்கிக்குள் ஊற்றி, பிறகுதான் மிச்சத் தண்ணீர். அடிக்கும்போதும் டாங்கியை இடைக்கிடை குலுக்க வேண்டும், தூள் அடியில் இறங்கிவிடும். கைப்பிடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சின்னச் சல்லடை இருக்கிறதா?
இன்னொன்று. மஞ்சள் பெரும்பாலும் தட்டை விசிறி. அது களைக்கு நல்லது. மிளகாயில் பூச்சி இலையின் அடியில் இருக்கும், அங்கே போக கூம்பு மாதிரிப் பாயும் நொசில் வேண்டும்.

நெடுங்கேணி வேம்பு | 9.02
எதற்கு இந்த நஞ்செல்லாம்? 2021இல் அரசாங்கம் பூச்சி மருந்து இறக்குமதியை நிறுத்தியபோது வேப்பங்கொட்டைக் கரைசலால்தான் என் மிளகாயைக் காப்பாற்றினேன்.

பழைய கமக்காரன் | 9.09
அந்த வருடம் எத்தனை பேர் தோட்டத்தைக் கைவிட்டார்கள் என்றும் எழுதும். அரைகுறையாக வடித்த வேப்பங்கரைசலைப் போல நொசிலை அடைப்பது வேறில்லை.

நெடுங்கேணி வேம்பு | 9.15
இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு துணியில் வடித்தால் அடைக்காது. வடிக்கச் சோம்பல் என்றால் அது வேம்பின் குற்றமா?

பழைய கமக்காரன் | 9.20
பூச்சி பெருகிய பிறகு வேம்பை நம்பி இருப்பவருக்கு நான் வேறு என்ன சொல்ல.

முத்தையன்கட்டு அக்கா | 9.33
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தம்பி, இலை மேல்நோக்கிச் சுருள்கிறதா, கீழ்நோக்கியா? மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் மருந்து வேறு, மான்கோசெப் பூஞ்சைக்கு மட்டும்தான். அதைவிட முக்கியம், இதே டாங்கியால் வயலுக்கு எம்சிபிஏ என்ற களைகொல்லி அடித்தீர்களா? அதன் மிச்சம் கொஞ்சம் இருந்தாலே மிளகாய்க் குருத்து முறுகிக் கோணும். எங்கள் வீட்டில் ஒரு பாத்தி முழுக்க அப்படிப் போனது, அதனால்தான் கேட்கிறேன்.

விசுவமடு மிளகாய் | மறுநாள் காலை 10.15
கைப்பிடிக்குள் சல்லடையே இல்லை. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. அளந்தேன், பழையது நிமிடத்துக்கு 1,100 மில்லிலீற்றர், புதிது 780. கூம்பு நொசிலும் சல்லடையும் வாங்கிவிட்டேன்.
அக்கா, போன மாதம் இதே டாங்கியால்தான் வயலுக்கு அடித்தது. குருத்துதான் கோணியிருக்கிறது.

முத்தையன்கட்டு அக்கா | 10.22
அப்படியென்றால் இன்று அடிக்க வேண்டாம். கோணிய செடி ஒன்றைப் பிடுங்கிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மிளகாய்க்கு இனித் தனி டாங்கி வையுங்கள். இதைச் சலவைத்தூள் தண்ணீரில் இரவு ஊறவைத்து, குழாயாலும் நொசிலாலும் வெளியேற்றி, பிறகு வெறும் தண்ணீரால் மூன்று தடவை அலசுங்கள். கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் தோட்டம் | மாலை 6.40
போனீர்களா தம்பி? என்ன சொன்னார்கள்?