சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் ஏன் விழுகிறது?

யீஷூன் மாணவன்:
வணக்கம். கடைசி வருட புராஜெக்ட். மூன்று வைஃபை கருவிகளை ரூட்டர் இல்லாமல் தமக்குள் பேச வைத்திருக்கிறேன். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நண்பர்கள் கையில் கொடுத்து நடக்கவிட்டேன். நடுவில் நிற்பவனுக்கு மற்ற இருவரும் பத்து மீட்டர்தான். ஆனாலும் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 6க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. டேட்டா பாக்கெட்டும் தொலைகிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

தேக்கா ரேடியோ:
தம்பி, லிஃப்ட் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களின் கருவிகளுக்கு ஒன்றின் சிக்னல் மற்றதற்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடுக் கருவிக்கு அனுப்பி மோதும். வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பழைய ஏஆர்எஃப் முறையில், பாக்கெட் கிடைத்தது என்ற ஒப்புதல் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் வேகம் குறையும். தொடர்ந்து பத்து வந்தால் ஏறும். மோதலா, சிக்னல் பலவீனமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகம் குறைந்தால் பாக்கெட் காற்றில் அதிக நேரம் இருக்கும், அப்புறம் மோதல் இன்னும் கூடும். அனுப்பலாமா என்று முதலில் கேட்கும் ஆர்டிஎஸ், அனுப்பு என்று பதில் சொல்லும் சிடிஎஸ் இரண்டையும் போட்டுப் பார்.

உட்லண்ட்ஸ் அக்கா:
அனுப்பும் சக்தியும் தானாக மாறுகிறதா? ஒரு கருவி குறைத்துக்கொண்டால் அதன் ஒப்புதல் திரும்பி வந்து சேராமல் போகலாம். முதலில் மூன்றுக்கும் ஒரே அளவு வை.

யீஷூன் மாணவன்:
லிஃப்ட் சுவர்தான் அண்ணே! ஆர்டிஎஸ் போட்டதும் 36க்குக் கீழே இறங்கவில்லை. சக்தியை நாளை பார்க்கிறேன் அக்கா.