எஃப்சிசிபி விட்டேன், ஒளி குறையவில்லை, கூடிவிட்டது

செந்தூல் மாணவி எழுதியது:

முதுகலை ஆய்வில் சேர்ந்து நாலாவது மாதம். ஹெப்ஜி2 கல்லீரல் செல்களில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மின்னழுத்தத்தை டிஎம்ஆர்எம் என்ற ஒளிரும் சாயம் போட்டு அளக்க வேண்டும். கான்ஃபோக்கல் நுண்ணோக்கி அறை மாலை 4 மணிக்குத்தான் கிடைத்தது. கோலாலம்பூரில் அந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது.

திரையில் படம் அவ்வளவு அழகு. செல்லின் கருவைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியா சிவப்பு நூல்களாய்ப் பின்னிக் கிடந்தன. சரி, சோதித்துவிடுவோம் என்று எஃப்சிசிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தேன். அது புரோட்டான்களைச் சவ்வுக்குக் குறுக்கே கடத்தி மின்னழுத்தத்தைக் கரைத்துவிடும். அப்போது ஒளி மங்க வேண்டும். மங்கவில்லை. நூல்கள் மறைந்து, செல் முழுக்கச் சிவப்பு பரவி, முன்பைவிடப் பளிச்சென்று ஆனது. அதற்கு அப்புறம்தான் மெல்ல மெல்லக் குறைந்தது. எஃப்சிசிபி கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாகக் கரைத்து இன்னும் இரண்டு முறை செய்தேன். அதே கதை. அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "சாயம் எத்தனை நானோமோலார் போட்டேம்மா?"

200 என்றேன். "அதான்" என்றார்.

டிஎம்ஆர்எம் நேர்மின்னேற்றம் கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் வெளியைவிட 150 முதல் 180 மில்லிவோல்ட் வரை எதிர்மின். அதனால் சாயம் உள்ளே இழுக்கப்பட்டுக் குவிகிறது. ஏறக்குறைய 60 மில்லிவோல்ட்டுக்குப் பத்து மடங்கு, 180-க்கு ஆயிரம் மடங்கு என்பது நெர்ன்ஸ்ட் கணக்கு. நான் போட்ட அளவுக்கு உள்ளே நெரிசல் அதிகமாகி, சாய மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று அணைத்துக்கொண்டிருந்தன. மின்னழுத்தம் போனதும் அவை வெளியே சிதறி, அணைந்த ஒளி திரும்ப வந்தது. எஃப்சிசிபி முதல் தடவையே சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

20 நானோமோலாருக்கு இறங்கினேன். கழுவி எடுக்காமல், படம் பிடித்து முடிக்கும்வரை அதே அளவு சாயத்தை ஊடகத்தில் விட்டுவைத்தேன். படம் மங்கல்தான், அழகே இல்லை. ஆனால் எஃப்சிசிபி விட்டதும் ஒளி இறங்கியது. அடுத்த நாள் ஒலிகோமைசின் விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் ஏறியது. அதனால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தி நின்று, புரோட்டான்கள் உள்ளே திரும்பும் பெரிய வழி அடைபட்டால் அப்படித்தானே ஏற வேண்டும்! இந்த மின்னழுத்தத்தின் பலத்தில்தான் ஏடிபி உண்டாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை, 1978-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 180 மில்லிவோல்ட்டை ஆறேழு நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வு தாங்குகிறது என்றால், மீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று கோடி வோல்ட். காற்றில் மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். வெளியே இடி கேட்டால் இப்போது எனக்கு அந்தச் சவ்வுதான் நினைவுக்கு வருகிறது.

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

தங்கச்சி, எஃப்சிசிபி எனக்கு வேறு மாதிரி ஆட்டம் காட்டியது. பினாங்கில் வேலை பார்த்தபோது நானும் 20 நானோமோலார் சாயம்தான் போட்டேன். எஃப்சிசிபி விட்டும் ஒளி அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால், ஊடகத்தில் 10 சதவீதம் சீரம் (இரத்த நிணநீர்). அதிலுள்ள அல்புமின் என்ற புரதம் எஃப்சிசிபியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சீரத்தை எடுத்ததும் 1 மைக்ரோமோலாரே போதுமானதாக இருந்தது.

அப்புறம் லேசர். படம் தெளிவாக வரட்டும் என்று ஏற்றி வைத்தேன். மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொன்றாக, தெருவிளக்கு போல மினுக்கி மினுக்கி அணைந்தது. நாங்கள் சோதித்த மருந்தின் வேலை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மருந்தே படாத தட்டிலும் அதே நடந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சாயத்தின் மேல் பலமாக ஒளி பட்டால் அதுவே சவ்வைக் கெடுக்கிறது. மூன்று வார வேலையைத் தூக்கிப் போட்டோம். உன் படம் மங்கலாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, லேசரை மட்டும் ஏற்றிவிடாதே.

செந்தூல் மாணவி எழுதியது:

நன்றி அண்ணே. மருந்து படாத தட்டு ஒன்றைத் தினமும் வைக்கிறேன். இப்போது என்னைக் குழப்புவது செல்லின் வெளிச்சவ்வு. அதற்கும் ஒரு மின்னழுத்தம் இருக்கிறது, அதுவும் சாயத்தை உள்ளே இழுக்கிறது. போன வாரம் என் மருந்து ஒளியைக் குறைத்தது. எந்தச் சவ்வில் குறைந்தது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வெளிச்சவ்வை மட்டும் காட்டும் சாயம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம். வந்ததும் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.