எஃப்.சி.யில் புகை ஃபெயில், பின் பிரேக்கிலும் வித்தியாசம்: 2011 விங்கர், பி.எஸ். 3

வேன்கார திருச்சி
வணக்கம். டாடா விங்கர், 2 லிட்டர் டர்போ, ரோட்டரி பம்ப், டூரிஸ்ட் பர்மிட். 2,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பி.யூ.சி. (புகைச் சான்று) சீட்டில் 1.9, பாஸ். அதே வாரம் எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) விட்டால் புகை 72, ஃபெயில். பிரேக் சோதிக்கும் ரோலரில் பின் பிரேக் இடதுக்கும் வலதுக்கும் நிறைய வித்தியாசம் என்றும் எழுதிவிட்டார்கள். சமதளத்தில் புகை தெரியாது, மேடு ஏறும்போது கறுப்பாக வரும். பம்ப்பில் டீசலைக் குறைத்துவிட்டால் பாஸ் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பம்ப் பெஞ்ச்
முதலில் எண்ணைச் சரிபார்த்துவிடுவோம். 1.9 என்பது ஒளி உறிஞ்சும் அளவு, மீட்டருக்கு இவ்வளவு என்பது. 72 என்பது ஹார்ட்ரிட்ஜ், புகை எத்தனை சதவீத ஒளியை மறைக்கிறது என்பது. இரண்டும் வேறு அலகு. 1.9-ஐ ஹார்ட்ரிட்ஜுக்கு மாற்றினால் சுமார் 56. பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி)-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ், அதாவது 2.45. ஆக உங்கள் வண்டி 56-லிருந்து 72-க்குப் போயிருக்கிறது. ஒரே வாரத்தில் இன்ஜின் அவ்வளவு கெடாது. டெஸ்ட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்திய விதம் மாறியிருக்கும்.

நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்து, பம்ப்பின் கவர்னர் வேகத்தை மேலே ஏறவிடாமல் கட் செய்யும்வரை போக வேண்டும், அதுதான் முறை. மெதுவாக மிதித்தால் டர்போவுக்குக் காற்று பிடிக்க நேரம் கிடைக்கும், எண் குறையும். சடாரென்று மிதித்தால் டீசல் முந்திவிடும், காற்று பின்னால் வரும், கறுப்பு கொட்டும். முழு மிதியில் பாஸ் ஆகிற வண்டிதான் எங்கே போனாலும் பாஸ் ஆகும்.

டீசலைக் குறைக்கும் வேலை வேண்டாம். எண் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் இழுவை போய்விடும், ஆள் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே கிடக்கும். டீசல் தெளிக்கும் நாசில் ஒழுகுவதுதான் காரணம் என்றால் அது அப்படியே இருக்கும், புகை மட்டும் மறையும். ஒழுகும் நாசில் பிஸ்டன் தலையைத் தின்றுவிடும். பம்ப்பில் டீசல் அளவு ஸ்க்ரூவைத் தொடுவதானால் பம்ப்பைக் கழற்றி சோதனை பெஞ்ச்சில் அளவு வைத்து மட்டும்.

மேட்டில் கறுப்பு என்பதால் காற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் புதிது, ஊதிப் போட்டது அல்ல. அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றும் ரேடியேட்டர்), இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டு வரை ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அடிப்பக்கத்தைக் கையால் பிதுக்கினால் கீறல் வாய் திறக்கும். கிளாம்ப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஒருவரை ரேஸ் செய்யச் சொன்னால் குமிழி காட்டும். புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு இருந்தால் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்துத் திறந்தபடி நின்றால் புகை குறையவே குறையாது. இன்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலும் இறக்கிவிடுங்கள், மிச்சம் மூச்சுக்குழாய் வழியாக இன்டேக்குக்குத்தான் போகும்.

இவ்வளவுக்கும் பிறகு நாசில். நான்கையும் பெஞ்ச்சில் போட்டு திறக்கும் அழுத்தம், தெளிப்பு, ஒழுகல் மூன்றும் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் கட்டாயம் புதிது.

டிரம் & லைனிங்
பிரேக்குக்கு நான் சொல்கிறேன். ரோலர் சீட்டில் ஹேண்ட் பிரேக் எண்ணும் சக்கரவாரியாக இருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கம் கால் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் இரண்டுமே குறைவு என்றால் கோளாறு லைனிங்கிலோ டிரம்மிலோ. ஹேண்ட் பிரேக் சமமாக இருந்து கால் பிரேக் மட்டும் குறைவு என்றால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

விங்கர் முன்சக்கர இழுவை வண்டி. பின்னால் கிரௌன் (டிஃபரன்ஷியல் கியர்) கிடையாது. டிரம்முக்குள் ஈரம் கண்டால் "கிரௌன் ஆயில் சீல்" என்று சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்! அது வீல் சிலிண்டர் ஒழுகலாக இருக்கும், இல்லை ஹப் கிரீஸ். லைனிங்கில் எண்ணெய் ஊறிவிட்டால் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்பது வீண். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் அதுவே அடுத்த வித்தியாசம். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் வார்த்திருக்கும், அதைத் தாண்டிக் கடைந்திருந்தால் டிரம்மும் போச்சு.

எல்லாரும் செய்கிற ஒன்று: எஃப்.சி. அன்று காலை வாட்டர் வாஷ் அடித்து நேராக ரோலரில் ஏற்றுவது. ஒரு டிரம்மில் தண்ணீர் தங்கினாலே போதும், வித்தியாசம் காட்டும். வாஷ் முந்தின நாளே முடித்து, ஓட்டி, நாலைந்து முறை நன்றாக பிரேக் பிடித்துக் காய வையுங்கள். பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவு.

வேன்கார திருச்சி
நன்றி அண்ணே. பார்த்தாகிவிட்டது. இன்டர்கூலர் கீழ் ஹோஸ் கிளாம்ப்பருகே எண்ணெய்யும் மண்ணுமாக ஒட்டியிருக்கிறது. நான்கில் இரண்டு நாசில் சொட்டுகிறது. பிரேக் சீட்டில் இடது பின்னால் இரண்டு எண்ணும் குறைவு, திறந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம். எதை மாற்ற, எதை விட?

பம்ப் பெஞ்ச்
ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் சாதாரணம்தான், வெளியே மண்ணோடு ஒட்டியிருப்பதுதான் கசிவு. ஹோஸும் கிளாம்ப்பும் மாற்றுங்கள். நாசில் இரண்டு மட்டும் வேண்டாம், நான்கும் ஒரே செட்டாக. பம்ப்பைத் தொடாதீர்கள்.

டெஸ்ட் அன்று 20, 25 கி.மீ. ஹைவேயில் மூன்றாம் கியரில் கொஞ்சம் இழுத்து ஓட்டிவிட்டுப் போங்கள். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியின் சைலன்சரில் படிந்த கரி முதல் ரேஸில்தான் கிளம்பும். இன்ஜின் ஆயில் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வரிசையில் ஒரு மணி நேரம் அணைத்து நிறுத்தினால் ஆறிவிடும். முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

டிரம் & லைனிங்
இரண்டு எண்ணும் குறைவு, சிலிண்டரிலும் ஈரம் என்றால் கசிந்த ஃப்ளூயிட் லைனிங்கில் ஊறிவிட்டது. சிலிண்டர் இரண்டு பக்கமும் புதிது, லைனிங் இரண்டு பக்கமும் புதிது, பிறகு பிரேக் லைனில் ஏர் எடுத்து ஃப்ளூயிட் மாற்றுங்கள். புது லைனிங்கோடு மறுநாளே ரோலருக்குப் போகாதீர்கள். 40 கி.மீ. வேகத்திலிருந்து 20, 30 தடவை மிதமாக பிடித்து நிறுத்துங்கள், இடையிடையே ஆறவிட்டு. லைனிங் டிரம்மில் முழுதாகப் பதிந்தால்தான் எண் ஏறும்.

ஆர்.டி.ஓ. வாசல்
பேப்பர் பக்கம் சுருக்கமாக. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம். உங்கள் பி.யூ.சி. ஆறு மாதம்தான், தேதி பாருங்கள். எஃப்.சி. காலாவதியானால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல், ஆகவே ரிப்பேரை முன்கூட்டியே தொடங்குங்கள். வண்டியில் பார்ப்பது: 80 கி.மீ. ஸ்பீடு கவர்னர் சீல், ஜி.பி.எஸ். கருவி, முதலுதவிப் பெட்டி, தேதி தாண்டாத தீயணைப்பான். ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள்.

வேன்கார திருச்சி
சைலன்சரில் பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கிறது. எம்-சீல் வைத்தால் போதுமா?

பம்ப் பெஞ்ச்
வெல்டிங் வையுங்கள், சூட்டில் எம்-சீல் உதிர்ந்துவிடும். ஓட்டையோடு போனால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகக் குறையும், அதனாலேயே அங்கே முதலில் குனிந்து பார்ப்பது சைலன்சரைத்தான்.